ரத்தம் நிற்காத வெட்டுக்காயம்: எங்கே அழுத்துவது, எப்போது இறுக்குவது

கேள்வி இது: கையிலோ காலிலோ ஆழமாக வெட்டுப்பட்டு, துணிக்கு மேல் துணி வைத்துக் கட்டியும் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? காயத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டலாமா? அப்படிக் கட்டினால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்திவிட வேண்டுமா? எந்தக் காயத்துக்குத் தையல் தேவை?

கயிற்றுக்குப் போவதற்கு முன் அந்தத் துணியைப் பார்த்துவிடுவோம். துணிக்கு மேல் துணி வைத்தும் ரத்தம் வருகிறதென்றால், பெரும்பாலும் அழுத்தம் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. அறுபட்ட ரத்தக்குழாயின் வாய் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் நேர் மேலே இரண்டு விரல் நுனிகளை வைத்து, அடியில் உள்ள எலும்போடு சேர்த்து நசுக்கினால் ரத்தம் அடங்கிவிடும். அதே பலத்தை உள்ளங்கை அகலத்துக்கு மடித்த துண்டின் மேல் கொடுத்தால் அது பரவிப்போகும். துண்டு தடிக்கத் தடிக்க இன்னும் பரவும். போதாக்குறைக்கு, தடித்த துண்டு அரை லிட்டர் ரத்தத்தைக் குடித்துவிட்டு வெளியே லேசாகத்தான் சிவந்திருக்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரித் தோன்றும்.

எனவே முதல் துணி நனைந்தால் அதன் மேல் இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். அதுவும் நனைந்தால் மூன்றாவது வைக்க வேண்டாம். இரண்டையும் எடுத்துவிட்டு, தேங்கியிருக்கும் ரத்தத்தை ஒற்றியெடுத்து, எங்கிருந்து ஊறுகிறது என்று ஒரே ஒரு முறை பாருங்கள். நீளமான காயத்தில்கூட முக்கால்வாசி ரத்தம் ஓரிரு புள்ளிகளிலிருந்துதான் வரும். அந்தப் புள்ளி தெரிந்ததும், சின்னதாக மடித்த காஸ் துணியை, இல்லாவிட்டால் சுத்தமான பருத்தித் துணி ஒன்றை, அதன் மேல் வைத்து விரல்களால் அழுத்துங்கள். வெறும் பஞ்சு வேண்டாம். அதன் இழைகள் காயத்தில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது உறைந்த ரத்தத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

அழுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. கையோ காலோ தரை, மேசை மாதிரிக் கெட்டியான ஏதாவது ஒன்றின் மேல் இருக்கட்டும். மெத்தையில் கிடத்தி அழுத்தினால் உங்கள் பலத்தில் பாதி மெத்தைக்குத்தான் போகும். முழங்கையை மடக்காமல் நீட்டி வைத்து, தோளின் எடையை இறக்குங்கள். விரல் பலத்தை மட்டும் நம்பினால் இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும், தளர்ந்தது உங்களுக்கே தெரியாது.

பிறகு கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 10 நிமிடம். நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். ரத்தக்குழாய் அறுந்ததும் அது தானாகச் சுருங்கும். ரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கும். அதன் மேல் ஃபைப்ரின் என்ற நார் வலைபோலப் பின்னி இறுகினால்தான் அந்த அடைப்பு நிலைக்கும். ஓடுகிற ரத்தம் தட்டணுக்களை அடித்துக்கொண்டு போய்விடும், அதனால்தான் ஓட்டத்தை நாம் நிறுத்திக் கொடுக்கிறோம். மூன்றாவது நிமிடத்தில் துணியைத் தூக்கினால் பாதி பின்னிய வலை கிழிந்துவிடும், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பயத்தில் இருக்கும்போது ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகத் தெரியும். அதனால் மணி பார்க்கும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆம்புலன்ஸை அழைக்கும் வேலையும் அவருடையதே. அழுத்துகிற கை எதற்காகவும் எழக் கூடாது.

கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும். மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. போன்றவை ரத்தத்தின் வழியே பரவுவதால் இந்த முன்னெச்சரிக்கை. காயம்பட்டவர் தெளிவாக இருந்தால் நீங்கள் உறையைத் தேடும் நேரத்தில் அவரையே அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

தமனி ரத்தம் பளிச்சென்று சிவந்து பீய்ச்சி அடிக்கும், சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக வழியும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். உண்மைதான், ஆனால் அதைப் பிரித்தறிய நேரம் செலவழிக்கத் தேவையில்லை, இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றே. கையைத் தூக்கிப் பிடிப்பதும் அப்படித்தான். பிடித்தால் கெடுதல் இல்லை, அழுத்தத்துக்கு மாற்றாக மட்டும் அதை நம்பக் கூடாது. தூக்குவது நிச்சயமாகப் பலிக்கிற இடம் ஒன்று உண்டு: காலில் புடைத்த சுருள் சிரை வெடித்தால். வலி அதிகம் இருக்காது, ரத்தம் மட்டும் கொட்டும். நின்றுகொண்டே இருந்தால் உயிரைக்கூட வாங்கிவிடும். படுக்கவைத்து, காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி, ஒரு விரலால் அழுத்தினால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

அழுத்தம் எட்டாத ஆழமான காயங்கள் உண்டு. தொடை இடுக்கு, அக்குள், தோள் கழுத்தோடு சேரும் இடம் ஆகியவற்றில் மேலே எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இருக்கும் குழாய்க்குப் போய்ச் சேராது. அங்கே கட்டி இறுக்கவும் இடமில்லை. அப்போது காயத்துக்குள்ளேயே துணியைத் திணிக்க வேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கும். நீளமான காஸ் துணியின் ஒரு முனையை விரலால் காயத்தின் அடிவரை, ரத்தம் வரும் மூலை வரை தள்ளி, அந்த விரலை எடுப்பதற்குள் அடுத்த கை விரலால் அடுத்த மடிப்பைத் தள்ளி, இப்படி மாற்றி மாற்றி இனி இடமில்லை என்கிற வரை நிரப்புங்கள். மேலே இரண்டு கைகளாலும் 10 நிமிடம் அழுத்துங்கள். ரத்தம் உறையவைக்கும் மருந்து தோய்த்த காஸ் என்றால் 3 நிமிடம் போதும். சுத்தம் குறைவான துணியாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். கிருமித்தொற்றுக்கு நாளைக்கு மருந்து கொடுக்கலாம், போன ரத்தம் அப்படித் திரும்பாது. நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் இப்படித் திணிக்கக் கூடாது. அங்கே உள்ளே இருப்பது வெற்றிடமும் உறுப்புகளும். துணி உள்ளே போய்விடும், ரத்தம் நிற்காது.

இனி அந்தக் கயிறு. கை கால் காயத்தில் நேரடி அழுத்தத்துக்கு ரத்தம் கட்டுப்படவில்லை என்றாலும், பீய்ச்சி அடித்துத் தரையில் குளம் கட்டுகிறது என்றாலும், கை கால் துண்டாகிவிட்டது என்றாலும் காயத்துக்கு மேலே இறுக்கத்தான் வேண்டும். ஆனால் கயிறு, கம்பி, ஷூ லேஸ் கூடாது. மெல்லியது எதுவும் தோலையும் நரம்பையும் அறுக்குமே தவிர, தசைக்கு நடுவில் ஓடும் தமனியை நசுக்காது. குறைந்தது 4 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். கடையில் வாங்கிய டூர்னிக்கெட், அதாவது ரத்தத்தை நிறுத்தவென்றே செய்த இறுக்குப் பட்டை, இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் நீளமான துணியைப் பட்டையாக மடித்துக்கொள்ளுங்கள். இடுப்பு பெல்ட் பார்க்கப் பொருத்தமாகத் தெரியும், ஆனால் அது விறைப்பானது, முறுக்க வராது. கைகளால் இழுத்துக் கட்டுகிற பலம் தொடைத் தமனிக்குப் போதவே போதாது.

காயத்திலிருந்து 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, உடலை நோக்கிய பக்கத்தில் பட்டையைச் சுற்றுங்கள். முழங்கால், முழங்கை மூட்டின் மேல் கட்டக் கூடாது, மூட்டு குறுக்கிட்டால் அதற்கும் மேலே போங்கள். ஒரு முடிச்சு போட்டு, அதன் மேல் உடையாத கழி ஒன்றை வைத்து இன்னொரு முடிச்சு. பேனா, பென்சில் உடைந்துவிடும். கரண்டிக் காம்பு, திருப்புளி, தடித்த குச்சி தாங்கும். இப்போது கழியைத் திருகுங்கள். 1718-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் லூயி பெட்டி திருகு வைத்த டூர்னிக்கெட்டைக் கொண்டுவந்ததே இந்தக் காரணத்துக்காகத்தான். இழுத்தால் கிடைக்காத இறுக்கம் திருகினால் கிடைக்கும், வேண்டிய அளவில் நிறுத்தவும் முடியும். ரத்தம் நிற்கிற வரை திருகிக்கொண்டே போய், கழியின் முனை பின்வாங்காதபடி இன்னொரு துணியால் கட்டிவிடுங்கள். சரியான இறுக்கத்தில் வலி தாங்க முடியாததாக இருக்கும். அவர் அலறுவதைப் பார்த்துத் தளர்த்திவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

அரைகுறை இறுக்கம் ஏன் கட்டாததைவிட மோசம் என்பதற்கு, ரத்தப் பரிசோதனைக்கு மேற்கையில் கட்டும் ரப்பர் பட்டையை நினைத்துப் பாருங்கள். அதைக் கட்டியதும் முன்கையில் சிரைகள் புடைத்து எழும்பும். தமனி ஆழத்தில், அதிக அழுத்தத்தில் ஓடுவதால் அந்தப் பட்டை அதைத் தடுப்பதில்லை, ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. மேலோட்டமான சிரைகள் மட்டும் மூடிக்கொள்வதால் வந்த ரத்தம் திரும்ப வழியில்லை. காயத்துக்கு மேலே அரைகுறையாகக் கட்டும்போதும் இதுவே நடக்கிறது. திரும்ப வழியில்லாத ரத்தம் காயத்தின் வழியாக வெளியேறும். கட்டிய பிறகு ரத்தம் அதிகமானால் காரணம் இதுதான். இன்னும் திருகுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் முதல் பட்டைக்குச் சற்று மேலே இரண்டாவது பட்டை.

தளர்த்துவது பற்றி: கூடாது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை கை காலுக்கு ரத்தம் விட வேண்டும் என்பது பழைய வழக்கம். ஒவ்வொரு தளர்த்தலிலும் உறைந்தது பெயர்ந்து கொஞ்சம் ரத்தம் போகும், நாலைந்து முறை சேர்ந்தால் அது உயிர் போகிற அளவு. கை கால் அறுவை சிகிச்சைகளில் காற்றடைத்த பட்டையை இறுக்கி 2 மணி நேரம் வரை ரத்தத்தை நிறுத்திவைப்பது அறுவை அரங்கில் அன்றாட வேலை. அந்த 2 மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தாண்டத் தாண்டத் தசையும் நரம்பும் பாதிக்கப்படும், 6 மணி நேரத்தைக் கடந்தால் அந்த உறுப்பு பிழைப்பது அரிது. ஆகவே கட்டிய நேரத்தைப் பட்டையிலோ நெற்றியிலோ எழுதிவையுங்கள். டூர்னிக்கெட்டின் முதல் எழுத்தோடு ‘T 4.20’ போல எழுதினாலே மருத்துவமனையில் புரிந்துகொள்வார்கள். பட்டையைப் போர்வையால் மூடி மறைத்துவிடாதீர்கள். அவிழ்ப்பது மருத்துவரின் வேலை.

ரத்தம் நின்ற பிறகும் ஆள் வெளிறி, வியர்த்து, சில்லிட்டு, நாடி வேகமாகித் துடித்தால் உறுப்புகளுக்கு ரத்தம் போதாத அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போய்க்கொண்டிருக்கிறார் என்று பொருள். பெரியவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம், கிலோவுக்கு 70 மில்லிலிட்டர் கணக்கு. முக்கால் லிட்டர் வரை போனாலும் வெளியே பெரிதாகத் தெரியாது. ஒன்றரை லிட்டரைத் தாண்டும்போதுதான் ரத்த அழுத்தம் விழத் தொடங்கும், ஆகவே ‘பி.பி. நன்றாகத்தானே இருக்கிறது’ என்பது ஆறுதல் ஆகாது. குழந்தைக்குக் கிலோவுக்கு 80 மில்லிலிட்டர் என்று வைத்தாலும், 10 கிலோ குழந்தைக்கு மொத்தமே 800 மில்லிலிட்டர்தான். ஒரு டம்ளர் போனால் கால்வாசி போய்விட்டது. மல்லாக்கப் படுக்கவைத்து, ஈரத் துணிகளைக் கழற்றி, அடியிலும் மேலேயும் போர்வை போடுங்கள். இது வெறும் உபசாரம் இல்லை. உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது மந்தமாகி, நின்ற ரத்தம் மறுபடி கசியும். தாகம் என்று கேட்டாலும் தண்ணீர் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்கு ஏறிவிடும். ஆஸ்பத்திரியில் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து போடுவார்கள், உருவான உறைவு கரையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அடிபட்டு ரத்தம் போனவர்களிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் காட்டியது, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் அது உதவும் என்பதை. அதனால் ரத்தம் நின்றுவிட்டதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

காயத்தில் கத்தி, கம்பி, பெரிய கண்ணாடித் துண்டு குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அடைப்பாக இருப்பதே அதுவாக இருக்கலாம். இரண்டு பக்கமும் துணிச் சுருள் வைத்து, அது அசையாதபடி கட்டுங்கள். தலைத் தோலில் சின்ன வெட்டு என்றாலும் ரத்தம் பயமுறுத்தும், அங்கே குழாய்கள் கெட்டியான திசுவில் பிடிபட்டிருப்பதால் சுருங்கி மூட முடிவதில்லை. அடியிலேயே எலும்பு இருப்பதால் அழுத்தினால் சுலபமாக நிற்கும். ஆனால் விரலுக்கு அடியில் பள்ளமோ நொறுநொறுப்போ தட்டினால் நடுவில் அழுத்தாமல் ஓரங்களில் மட்டும் அழுத்துங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அபிக்ஸபான், க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 10 நிமிடம் போதாது, 20 நிமிடம் பிடிக்க வேண்டியிருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவரின் ஃபிஸ்டுலாவிலிருந்து (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) ரத்தம் பீய்ச்சினால் துணி மூட்டை வேண்டாம், அந்தத் துளையின் மேல் விரல் நுனி, உடனே ஆம்புலன்ஸ்.

துண்டான விரலைக் கழுவித் தேய்க்கக் கூடாது, நேரடியாக ஐஸில் போடவும் கூடாது. ஐஸ் பட்ட திசு உறைந்து செத்துவிடும். ஈரமாகப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, அந்த உறையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஆளோடு சேர்த்தே அனுப்புங்கள், நசுங்கிப் போயிருந்தாலும் சரி. எது ஒட்டும், எது ஒட்டாது என்று முடிவு செய்ய வேண்டியது அறுவை மருத்துவர்.

தையல் கேள்விக்கு வருவோம். ‘நரம்பு அறுந்துவிட்டது’ என்று தமிழில் மூன்று வெவ்வேறு காயங்களைச் சொல்கிறோம்: ரத்தக்குழாய், விரலை அசைக்கும் தசைநாண், உணர்வைக் கடத்தும் நரம்பு. மருத்துவருக்கு இந்த மூன்றும் தனித்தனி. கைக்காயத்தில் நீளத்தைப் பார்ப்பதைவிட இவற்றைப் பார்ப்பதே முக்கியம், 1 சென்டிமீட்டர் வெட்டு ஒரு தசைநாணை முழுதாக அறுத்திருக்கும். ரத்தம் நின்ற பிறகு ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டச் சொல்லுங்கள். அசைந்தால் மட்டும் திருப்திப்படாதீர்கள், உங்கள் விரலால் எதிர்த்துப் பிடித்துக்கொண்டு மடக்கச் சொல்லுங்கள். பாதி அறுந்த தசைநாண் சும்மா அசைக்கும்போது வேலை செய்யும், எதிர்ப்புக் கொடுத்தால் வலிக்கும் அல்லது பலம் குறையும், சில நாளில் முழுதாக அறுந்துபோகும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகத் தொட்டுக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் மரத்திருந்தால் அந்தப் பக்கத்து நரம்பு போயிருக்கிறது. நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். மரக்கும் ஊசி போட்ட பிறகு உணர்வைச் சோதிக்க முடியாது, அதனால் தெரிந்ததை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இவற்றில் எது பழுதானாலும், காயத்தின் ஓரங்கள் பிளந்து நின்றாலும், உள்ளே மஞ்சள் கொழுப்பு தெரிந்தாலும், மூட்டின் மேல், முகத்தில், உதட்டு விளிம்பில் என்றாலும் தையலுக்குப் போங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சாதாரணமாக 6 முதல் 12 மணி நேரத்துக்குள், ரத்த ஓட்டம் நிறைந்த முகத்தில் 24 மணி நேரம் வரைகூடத் தைப்பார்கள். குத்துக்காயத்தையும் கடிக்காயத்தையும் பெரும்பாலும் தைக்காமல் விடுவதுண்டு, மூடினால் கிருமி உள்ளே மாட்டிக்கொள்ளும். கைமுட்டியில் பல் பட்டு வந்த சின்னக் கீறலை யாரும் மதிப்பதில்லை. முட்டி மடங்கியிருக்கும்போது பட்ட பல் மூட்டுக்குள்ளேயே போயிருக்கும், விரலை நீட்டியதும் தோல் நகர்ந்து வழியை மூடிவிடும். மூன்றாம் நாள் அந்த மூட்டு சீழ் பிடித்து வீங்கும்.

சின்னக் காயத்தை ரத்தம் நின்றதும் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் கழுவுங்கள். கிருமியைக் கொல்வதைவிட அடித்து வெளியேற்றுவதுதான் வேலை, ஓடுகிற தண்ணீர் அதைச் செய்கிறது. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடை உள்ளே ஊற்றினால் ஆறவேண்டிய செல்களும் சாகும். சோப்பு காயத்தைச் சுற்றிலும் போதும். விலங்கு கடித்த காயம் மட்டும் விதிவிலக்கு. அதற்குச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குப் போக வேண்டும். பெரிய காயத்தில் சிரமப்பட்டு ரத்தத்தை நிறுத்திய பிறகு கழுவப் போகாதீர்கள், அது ஆஸ்பத்திரியில் நடக்கட்டும்.

டெட்டனஸ் ஊசியைக் காயம் பட்டபோதெல்லாம் போடத் தேவையில்லை. முன்பு குறைந்தது 3 தவணை முழுதாகப் போட்டவருக்கு, சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் மட்டும், மண், சாணம், துரு, எச்சில் பட்ட அழுக்குக் காயம் என்றால் 5 ஆண்டு ஆகியிருந்தால். 3 தவணை போட்டதாக நினைவில்லாதவருக்கு அழுக்குக் காயத்தில் தடுப்பூசியோடு, தயாராக உள்ள எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போட வேண்டும். தடுப்பூசி எதிர்ப்பொருளை உண்டாக்க நாளாகும், அந்த இடைவெளியை இது அடைக்கும்.

தைத்த காயத்தை முதல் 24 மணி நேரம் ஈரம் படாமல் வையுங்கள். முகத்துத் தையலைச் சுமார் 5 நாளில், தலையில் 7 முதல் 10 நாளில், கை காலில் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். மூட்டின் மேல் இருப்பது கடைசியில். முதல் இரண்டு நாள் ஓரங்கள் லேசாகச் சிவந்து வலிப்பது இயல்பு. குறைந்துவந்த வலி மூன்றாம் நாளுக்கு மேல் திடீரென்று விண்விண் என்று தெறிக்கத் தொடங்கினால் காயத்தைக் காட்டுங்கள். சிவப்பு எதுவரை இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு வைத்தால் பரவுகிறதா என்பது சில மணி நேரத்தில் தெரியும். கோட்டைத் தாண்டியிருந்தாலோ, காயத்திலிருந்து கை கால் மேலே சிவப்பு வரி ஏறினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.